சிகிச்சைக் குளத்தின் ஹீட்டர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. காய வைத்து ஓட்டலாமா?

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் பக்கம், பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கும் தண்ணீருக்குள் பயிற்சி கொடுக்கும் சிறு நிலையம் ஒன்றின் நிர்வாகியாக இருக்கிறேன். எங்கள் குளம் பெரியதன்று. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஆழம் ஏறத்தாழ 1.2 மீட்டர். வெயில் கொளுத்தும் பினாங்கில் குளத்து நீரைச் சூடாக்குவானேன் என்று பலர் கேலி செய்வதுண்டு. 28 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் விறைத்த கால் இன்னும் விறைத்துக்கொள்கிறது, 33 டிகிரியில்தான் தசை இளகிக் கொடுக்கிறது என்பதை எங்கள் சிகிச்சையாளர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை இரவு கடல் ஏற்றமும் அடைமழையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதில் பின்பக்க வடிகால் பொங்கி, தரையிலிருந்து நான்கு படி கீழே இருக்கும் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் என் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு மட்டும் நிற்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு சுற்றோட்டப் பம்புகள், கட்டுப்பாட்டுப் பெட்டியின் பாதி, குளோரின் தயாரிக்கும் கருவி, அவசரத்துக்கென வைத்திருந்த எல்பிஜி ஹீட்டர், இரண்டு கேஸ் தோம்புகள் (சிலிண்டர்கள்) ஆகியவை இருந்தன. கொல்லைப்புறத்தில் ஆறு அங்குல சிமெண்டு மேடையில் நிற்கும், காற்றின் வெப்பத்தை இழுத்துக் குளத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்பும் பாதியளவு மூழ்கியது. குளத்தின் விளிம்பு உயரம் என்பதால் வெள்ளம் குளத்துக்குள் இறங்கவில்லை.

மறுநாள் வந்த பராமரிப்புக் குத்தகையாளர், எதையும் மாற்றத் தேவையில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் காற்றாடி வைத்துக் காய வைத்தால் போதும், திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடலாம், குளத்தையும் ஒருமுறை முழுதாக வடித்துவிடலாம் என்கிறார். சேற்றில் நின்றபடியே அவர் ஐசோலேட்டரை (மின்இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) தொடப் போனபோது நான் தடுத்துவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏறத்தாழ 40 நோயாளிகள் காத்திருப்பதால் உரிமையாளரும் செவ்வாய்க்கிழமை திறந்தாக வேண்டும் என்கிறார். இன்னொன்று: குளோரின் வாளி இருந்த மூலையிலிருந்து மூக்கைக் குத்தும் நெடி வந்துகொண்டிருக்கிறது. எதைக் காப்பாற்றலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.


குளத்துப் பணியாளன் எழுதியது:

அக்கா, மற்றவற்றுக்கெல்லாம் நேரம் இருக்கிறது. அந்த நெடிக்கு இல்லை. யாரையும் அந்த அறைக்குள் இறங்க விடாதீர்கள். குளோரின் வாயு காற்றைவிடக் கனமானது. நான்கு படி கீழே இருக்கும் அறை அதற்குக் கிணறு மாதிரி. கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் விலகி, 999 அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறையிடம் ரசாயனக் கசிவு என்று சொல்லுங்கள். நனைந்த குளோரின் துகள் சூடேறித் தானே தீப்பற்றவும் கூடும். பக்கத்தில் காரத்தன்மை குறைக்கும் அமிலம் இருந்து இரண்டும் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வாரி எடுத்து வாளியில் போட்டு மூடி வைக்கலாம் என்று யாராவது முன்வந்தால் அனுமதிக்க வேண்டாம். மூடிய வாளி வெடிக்கும். இருவகைக் குளோரின் வைத்திருந்தீர்கள் என்றால், உலர்ந்த நிலையிலும் அவற்றை ஒரே பாத்திரத்தில் கொட்டக் கூடாது.


பழைய சார்ஜ்மேன் எழுதியது:

அம்மா, ஐசோலேட்டரைத் தொட வந்தவரை நீங்கள் தடுத்தது முற்றிலும் சரி. முப்பது ஆண்டுகள் மின்வேலை பார்த்துவிட்டு இப்போது பட்டர்வொர்த்தில் ஓய்வாக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், மின்சாரத்தை அறைக்கு வெளியே, நனையாத இடத்தில் இருக்கும் தலைமை மின்பலகையில் துண்டிக்க வேண்டும். துண்டித்த பிறகு அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். "இயக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுவது மட்டும் போதாது, அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. தலைமை மின்பலகையே நனைந்திருந்தாலோ, அதை அடைய ஈரத்தில் நடக்க வேண்டியிருந்தாலோ, 15454 எண்ணில் தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தை அழையுங்கள். மறைந்திருக்கும் ஓர் ஆபத்தை உங்கள் மின்பணியாளருக்கு நினைவூட்டுங்கள்: ஹீட் பம்புக்கு ஓர் இணைப்பும் அதன் நேரக்கட்டுப்பாட்டுக்கு வேறு ஓர் இணைப்பும் வெவ்வேறு பிரேக்கர்களிலிருந்து வருவது உண்டு. ஒன்றை அணைத்துவிட்டு எல்லாம் அணைந்தது என்று எண்ணியவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். மின்சாரம் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைப் பயிற்சி பெற்றவர்தான் வடிக்க வேண்டும்.

எதைக் கழிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பிரேக்கர்கள், கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்தும் கருவி), கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே, டைமர், மின்னணு அட்டைகள், கெப்பாசிட்டர் ஆகிய இவற்றில் எது அந்தச் சேற்றுக் கோட்டுக்குக் கீழே இருந்ததோ அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய வைத்தால் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும், அதில்தான் ஆபத்தே இருக்கிறது. கடல் ஏற்றத்தில் வந்த வெள்ளம் உப்பு வெள்ளம். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொண்டு, இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்ல ஒரு மின்பாதையை அமைத்துவிடும். இன்று சரியாக ஓடும் பெட்டி மூன்று மாதம் கழித்து ஒரு மழை இரவில் புகையும். பிரேக்கரோ இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன்: வெளியில் இருந்து பார்த்தால் கைப்பிடி ஏறும், இறங்கும், உள்ளே விசையில் சேறு இறுகியிருந்தால், துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காது.

2017 நவம்பர் 4, 5 வெள்ளத்துக்குப் பிறகு, முடி உலர்த்தும் கருவியால் காய வைக்கப்பட்ட ஒரு கான்டாக்டரைப் பிரித்துப் பார்த்தேன். மேல்மூடி புதிது போல் பளபளத்தது. உள்ளே மூன்று முனைகளில் ஒன்றின் மீது அரிசி மாவு போல மெல்லிய வண்டல் படிந்து, அந்த முனை மட்டும் தொடாமல் நின்றது. மூன்று ஃபேஸ் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே கிடந்து, சுருள் கருகிவிட்டது. அறுபது எழுபது ரிங்கிட் உதிரியைக் காப்பாற்றப் போய் மோட்டாரை இழந்த கதை அது. அந்த மோட்டாராவது கடைத்தெருவில் தண்ணீர் இறைத்தது. உங்களுடையது, ஓடிவந்து கரையேற முடியாதவர்கள் உடல் நனைய நிற்கும் குளத்தோடு குழாயால் இணைந்திருக்கிறது. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கேட்பதற்கும் அதுதான் காரணம்.

மோட்டார்களை மட்டும் அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். சுருள் சுற்றும் பட்டறைக்கு அனுப்பினால் பிரித்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, சூளையில் உலர்த்தி, பேரிங்கையும் நீர்த்தடை வளையத்தையும் மாற்றித் தருவார்கள். அதன் பிறகு 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவியில் காப்புத்தடையை, அதாவது சுருளிலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறனை, சோதிக்க வேண்டும். ஒரு மெகாஓம் இருக்கிறது, போதும் என்று சிலர் சொல்வார்கள். அது வயரிங்குக்கான குறைந்தபட்ச எல்லை. இத்தகைய மோட்டாருக்கு ஐந்துக்குக் குறைந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெக்கர் வைக்கும்போது மின்னணு அட்டைகளைக் கழற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும். இந்த வேலை முழுவதையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற, மூன்று ஃபேஸுக்கு உரிமம் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, சோதனை அளவுகளை எழுத்தில் வாங்குங்கள்.


சும்மா_ஒரு_கருத்து எழுதியது:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டுப் பம்பும் நனைந்தது. இரண்டு நாள் வெயிலில் வைத்து, துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓட்டினோம். இரண்டு ஆண்டுகளாக நன்றாகத்தான் ஓடுகிறது.


குளிர்சாதனத் தம்பி எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் வீட்டுப் பம்ப் ஓடுவதில் மகிழ்ச்சி. ஆனால் அது மழைத் தண்ணீரில் நனைந்ததா, உப்புச் சேற்றில் ஓர் இரவு கிடந்ததா என்பதை அவர் சொல்லவில்லை. அந்த எண்ணெய் ஈரத்தைத் தள்ளுமே தவிர, உள்ளே இறுகிய வண்டலைக் கரைக்காது.

அக்கா, நான் பயான் லெப்பாஸ் பக்கம் ஏர்கான், ஹீட் பம்ப் வேலை செய்பவன். உங்கள் இயந்திரங்களிலேயே விலை கூடியது ஹீட் பம்ப்தான். நல்ல வேளையாக, பெரும்பாலும் பிழைக்கக்கூடியதும் அதுதான். கம்ப்ரசர் பற்றவைத்து மூடிய பாத்திரம். செம்புக் குழாய் எங்கும் முறியாமல் இருந்தால் வெள்ளத் தண்ணீர் அதற்குள் போயிருக்காது. குழாய் முறிந்திருந்தால் கதை வேறு: உள்ளிருக்கும் எண்ணெய் ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சி அமிலமாக மாறி, சில மாதங்களில் கம்ப்ரசரின் சுருளைத் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை கசிவுச் சோதனை. அதை நைட்ரஜன் ஏற்றிச் செய்ய வேண்டும். பெயர்த்தகட்டில் ஆர்32 என்று இருந்தால் அது இலேசாகத் தீப்பிடிக்கும் வாயு என்பதால், வாயுவை மீட்டெடுக்காமல் யாரும் குழாய் அருகே நெருப்பு வைக்கக் கூடாது.

கம்ப்ரசரின் முனை மூடியைத் திறந்தால் உள்ளே சேறு உறைந்திருக்கும். அதைத் தூரிகையால் சுத்தம் செய்து, சோதித்து, முனைகள் அரித்திருந்தால் மாற்ற வேண்டும். கம்ப்ரசரைச் சுற்றியுள்ள தடித்த துணிப் போர்வையையும் குழாய்களின் நுரைக் காப்பையும் உரித்து எறிந்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து, வெளியே தெரியாமல் செம்பை அரிப்பவை அவையே. அலுமினியத் தகடுகளில் படிந்த சேறு காய்ந்தால் செங்கல்தான். இன்றே, மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், மெல்லிய தண்ணீர் ஓட்டத்தில் மேலிருந்து கீழாகக் கழுவச் சொல்லுங்கள். கார் கழுவும் உயரழுத்தக் குழாயை வைத்தால் தகடுகள் மடங்கிப் போகும்.

குளத்தை வடிக்க வேண்டும் என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நிலம் முழுவதும் தண்ணீர் ஊறியிருக்கும் நேரத்தில் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் நீரழுத்தம் தொட்டியையே மேலே தூக்கிப் பிளந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை என்ற கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் குளத்தில் ஏறத்தாழ 38,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஒரு டிகிரி ஏற்றவே 44 யூனிட் (கிலோவாட் மணி) அளவு வெப்பம் வேண்டும். 28லிருந்து 33க்கு வர, 20 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் இடைவிடாமல் ஓடினாலும் பதினோரு மணி நேரம், மேற்பரப்பில் இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். எல்லாம் சரியான பிறகும் ஒரு முழு நாள் சூடேற்றத்துக்கே போய்விடும் என்பதை உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.


குளத்துப் பணியாளன் எழுதியது:

கேஸ் ஹீட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. தண்ணீரில் மூழ்கிய கேஸ் வால்வைப் பழுது பார்க்கவே கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்பதே தயாரிப்பாளர்கள் எல்லாரும் சொல்வது. வால்வின் உட்பகுதி அரித்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் நின்றுவிடும். எரிகலனின் காப்புப் பஞ்சு ஊறியிருக்கும், புகைக் குழாயில் சேறு அடைத்திருக்கும், அரைகுறையாக எரிந்தால் நெடியே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும். எல்பிஜியும் காற்றைவிடக் கனம். தோம்புகளின் வால்வை மூடி, அவற்றை முகவரிடமே திருப்பிக் கொடுங்கள். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் குப்பைக்கு. என்னைக் கேட்டால், அந்தத் தாழ்வான அறைக்குள் இனி கேஸையே கொண்டுவர மாட்டேன்.

சேற்றை அள்ளுபவர்கள் முழங்கால் பூட்சும் கையுறையும் போடட்டும். காலில் வெட்டுக் காயம் உள்ளவர் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஓரிரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.


காப்புறுதிக்காரி எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. தீக்காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேர்ந்திருக்காது; கூடுதல் சந்தா கட்டிச் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பத்திரத்தைப் பாருங்கள். சேர்த்திருந்தால், கழுவுவதற்கு முன்பே சேற்றுக் கோட்டையும் ஒவ்வோர் இயந்திரத்தின் பெயர்த்தகட்டையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து, இழப்பு மதிப்பீட்டாளருக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். கழற்றிய உதிரிகளை அவர் பார்க்கும்வரை பழைய சாமான் லோரியில் ஏற்றிவிடாதீர்கள். மெக்கர் அளவுகள் எழுதிய தாள் உங்கள் கோரிக்கைக்கு மிகவும் உதவும்.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். குளோரின் விஷயம் நாங்கள் நினைத்ததைவிடத் தீவிரமாக இருந்தது. தீயணைப்பு வீரர்கள் முகக்கவசத்தோடு இறங்கி வாளியை அப்புறப்படுத்தினார்கள். அமிலப் புட்டி அதன் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்ததாம்.

உரிமையாளர் மனம் மாறியது உங்கள் பதில்களைப் படித்ததால் மட்டுமன்று. புதிதாக அமர்த்திய பதிவு பெற்ற மின்பணியாளர், குத்தகையாளர் ஏற்கெனவே கழுவித் துடைத்து வைத்திருந்த கான்டாக்டரை உரிமையாளரின் மேசையிலேயே, ஒரு செய்தித்தாளின் மீது வைத்துப் பிரித்தார். சாம்பல் நிற வண்டல் ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொட்டியது. உரிமையாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு பேச்சுப் பேசாமல் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திட்டார்.

பம்புகளில் ஒன்றின் மோட்டார் பட்டறைக்கு வரும்போது 0.3 மெகாஓம் காட்டியது. கழுவிச் சூளையில் உலர்த்திய பிறகு 80க்கு ஏறியது. மற்றதன் சுருள் கெட்டுவிட்டதால் புதிது வாங்கினோம். ஹீட் பம்பின் கம்ப்ரசர் பிழைத்துக்கொண்டது. மின்னணு அட்டை, கெப்பாசிட்டர், விசிறி மோட்டார் மூன்றும் மாறின. கேஸ் ஹீட்டர் போயே போய்விட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியைப் படிக்கட்டுக்கு மேலே, நடைபாதைச் சுவருக்கு மாற்றிவிட்டோம். ஹீட் பம்ப் மேடையை எவ்வளவு உயர்த்துவது என்பதில் மட்டும் இருவேறு கருத்துகள் இருக்கின்றன; கொத்தனார் ஓரடி போதும் என்கிறார்.


பழைய சார்ஜ்மேன் எழுதியது:

கொல்லைப்புறச் சுவரிலும் சேற்றுக் கோடு இருக்குமே, அம்மா. மேடையின் தலை அந்தக் கோட்டுக்கு மேலே ஓரடியாவது நிற்கட்டும். அடுத்த வெள்ளம் இதே கோட்டோடு நின்றுவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உயர்த்திய பிறகு விசிறிக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் காற்றோட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேடை எழுந்த பிறகு நிலத்தொடர்புக் கம்பி (எர்த் கம்பி) எட்டாமல் போய், அதை அப்படியே தொங்கவிட்டுச் செல்வதும் நடப்பதுதான். ஏணிப்படி, கைப்பிடிக் குழாய் உட்பட எல்லா உலோகங்களும் நிலத்தொடர்பில் சேர்ந்திருக்கின்றனவா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். முதல் நோயாளி தண்ணீரில் கால் வைப்பதற்கு முன், கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்தி, பம்ப் நிற்கிறதா என்று பாருங்கள்.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

கோட்டுக்கு மேல் ஓரடி என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன், ஐயா. இயந்திரத்தைத் தற்காலிக இரும்புச் சட்டத்தின் மீது ஏற்றி, மின்பணியாளர் நிலத்தொடர்பை அளந்து காட்டிய பிறகு நேற்று மாலை ஓட்டத் தொடங்கினோம். மேடை காய்ந்ததும் மாற்றிக்கொள்வோம். இன்று காலை பொத்தானை நானே அழுத்தினேன். பம்ப் சட்டென்று நின்றது. குளத்து வெப்பமானி இப்போது 31 காட்டுகிறது. தினமும் தொலைபேசியில் அழைக்கும் எங்கள் மூத்த நோயாளியிடம், நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன்.